சரீரத்தின் காவலைத் தட்டி எழுப்புதல்
புற்றுநோய்க்கு எதிர்ப்பு சக்திச் சிகிச்சை – ஒரு பாடம்



சில மாதங்களுக்கு முன் ஒரு புதன்கிழமை காலை, எங்கள் வெளிநோயாளர் பிரிவுக்கு ஒரு விவசாயக் குடும்பத்தார் வந்தார்கள். கணவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. மலக்குடலில் புற்றுநோய் என்று அறிக்கை வந்து நான்கே நாட்கள்தான் ஆகியிருந்தன. மனைவி தம் பையிலிருந்து, பாலித்தீன் உறையில் மடித்து வைத்திருந்த ஒரு செய்தித்தாள் துண்டை எடுத்து மேசைமேல் வைத்தார். 2022ஆம் ஆண்டு வந்த செய்தி அது. அமெரிக்காவில் மலக்குடல் புற்றுநோய் கண்ட 12 பேருக்கு ஒரு புதிய மருந்து ஏற்றினார்கள், 12 பேருக்கும் கட்டி மறைந்துவிட்டது என்று அதில் அச்சாகியிருந்தது.

"டாக்டரம்மா, இந்த மருந்தைப் போட்டா இவருக்கும் சரியாயிடுமா? கெணத்தோட ஒண்ணேகால் ஏக்கர் இருக்கு. வித்துடலாமா?" என்று கேட்டார்.

உங்களில் சிலரும் இதே கேள்வியைக் கடிதத்தில் கேட்டிருக்கிறீர்கள். "எங்கள் சபையில் ஒருவருக்குப் புற்றுநோய். இம்யூனோதெரபி என்ற சிகிச்சைக்கு நாங்கள் பணம் சேர்க்கலாமா?" என்று எழுதியிருந்தீர்கள். ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஆகவே இந்த இதழில் அந்தச் சிகிச்சையைப் பற்றி ஒரு பாடமாகவே எழுதுகிறோம். அந்தத் தாயாருக்கு நாங்கள் கொடுத்த பதிலைக் கடைசியில் சொல்லுகிறோம்.

1. காவல் நாய் ஏன் குரைக்கவில்லை?

நமது சரீரத்துக்குள் இரவு பகலாக ஒரு காவல் நடக்கிறது. இரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்களே அந்தக் காவலர்கள். அவற்றில் ஒரு வகைக்கு டி-அணுக்கள் என்று பெயர். ஒரு கிருமி உள்ளே நுழைந்து ஓர் அணுவைப் பிடித்துக்கொண்டால், டி-அணு அதைத் தொட்டுப் பார்த்து, "இது நம்முடையது அல்ல" என்று அறிந்து, கிருமி புகுந்த அந்த அணுவையே அழித்துவிடுகிறது. சளி, காய்ச்சல் போன்றவை ஒரு வாரத்தில் நம்மை விட்டுப் போவதற்கு இந்தக் காவலும் ஒரு காரணம்.

அப்படியானால் புற்றுநோயை ஏன் இந்தக் காவல் பிடிப்பதில்லை? கிராமத்து வீட்டில் காவல் நாய் வளர்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வெளியாள் வந்தால் நாய் குரைக்கும். வீட்டுப் பிள்ளையே கெட்டுப்போய் இரவில் உள்ளே வந்து பானையில் இருக்கும் பணத்தை எடுத்தால் குரைக்காது. புற்றுநோய் அணு வெளியிலிருந்து வருவதல்ல. நம்முடைய சொந்த அணுவே மாறிக் கெட்டு, கட்டுப்பாடின்றிப் பெருகுகிறது. பார்வைக்கு அது வீட்டு ஆளைப் போலவே இருக்கிறது. சிலவேளை காவல் நாய் சந்தேகப்பட்டு எழுந்தாலும், கெட்ட பிள்ளை அதன் தலையைத் தடவிப் படுக்க வைத்துவிடுகிறான்.

அறுவை சிகிச்சை கட்டியை வெட்டி எடுக்கிறது. கதிர்வீச்சு அதைச் சுட்டு அழிக்கிறது. கீமோதெரபி மருந்துகள் வேகமாகப் பெருகும் அணுக்களைக் கொல்லுகின்றன. இம்யூனோதெரபியின் வழி வேறு. அதில் பெரும்பாலான மருந்துகள் கட்டியை நேராகத் தொடுவதே இல்லை. அவை காவல் நாயைத் தட்டி எழுப்புகின்றன. வேலையைச் செய்வது நமது சரீரமே. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் இனி வருவதெல்லாம் எளிது.

2. ஒரு நூற்றாண்டுக்கு முந்திய ஆரம்பம்

இதைப் புத்தம்புதிய சிகிச்சை என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. இதன் ஆரம்பமோ 1890களில் இருக்கிறது. நியூயார்க் நகரில் வில்லியம் கோலி என்ற இளம் அறுவை மருத்துவர் இருந்தார். கையில் எலும்புப் புற்றுநோய் வந்த 17 வயதுப் பெண் ஒருத்திக்கு அவர் சிகிச்சை செய்தார். கையை அகற்றியும் அவள் 1891 ஜனவரியில் இறந்துபோனாள். அந்தத் துக்கம் அவரைச் சும்மா இருக்கவிடவில்லை. பழைய மருத்துவமனைப் பதிவேடுகளை எல்லாம் புரட்டினார். ஒரு பதிவு அவர் கண்ணில் பட்டது. கழுத்தில் திரும்பத் திரும்பக் கட்டி வந்து, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று விடப்பட்ட ஒருவருக்கு, எரிசிபெலஸ் என்னும் கடுமையான தோல் தொற்று கண்டது. காய்ச்சல் தணிந்தபோது கட்டியும் கரைந்திருந்தது. கோலி அந்த மனிதரைத் தேடிக் கண்டுபிடித்தார். ஏழு ஆண்டுகள் சென்றும் அவர் சுகமாகவே இருந்தார்.

தொற்றினால் விழித்த காவல் கட்டியையும் தாக்கியது என்று கோலி கருதினார். முதலில் உயிருள்ள கிருமிகளையும், பின்பு கொல்லப்பட்ட கிருமிகளையும் கட்டிகளில் ஊசியாகச் செலுத்தினார். சிலருக்குப் பலன் கிடைத்தது, பலருக்குக் கிடைக்கவில்லை. யாருக்குக் கிடைக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல அவரால் இயலவில்லை. அதே காலத்தில் கதிர்வீச்சு வந்தது. கோலியின் முறை மெல்ல மறக்கப்பட்டது. 1936இல் அவர் காலமானார். அவருடைய மகள் ஹெலன் தந்தையின் குறிப்புகளைச் சேகரித்துக் காத்து, 1953இல் இந்தத் துறைக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கக் காரணமானார்.

3. தோளில் தழும்பு வைத்த அதே பி.சி.ஜி.

நமது இடது தோளில் சிறு வட்டமாக ஒரு தழும்பு இருக்கிறதல்லவா? காசநோய்க்கு எதிராகக் குழந்தையில் போட்ட பி.சி.ஜி. ஊசியின் தழும்பு அது. பிரான்சு நாட்டின் லீல் நகரில் கால்மெட், கெரான் என்ற இருவர் 1908இல் தொடங்கி, மாட்டுக் காசநோய்க் கிருமியை மூன்று வாரத்துக்கு ஒருமுறை புதிய ஊட்டத்தில் மாற்றி மாற்றி வளர்த்தார்கள். ஏறக்குறைய 230 முறை, 13 ஆண்டுகள். முடிவில் கிருமி உயிரோடு இருந்தது, நோய் உண்டாக்கும் கொடுமை மட்டும் அதை விட்டுப் போயிருந்தது. 1921இல் முதல் குழந்தைக்கு அது கொடுக்கப்பட்டது. நம் நாட்டில் 1948இல் பி.சி.ஜி. பணி ஆரம்பமாயிற்று. அதே ஆண்டில் சென்னை கிண்டியில் அதைத் தயாரிக்கும் கூடமும் நிறுவப்பட்டது.

கனடாவின் கிங்ஸ்டன் நகரில் அல்வாரோ மொராலெஸ் என்ற மருத்துவரும் அவருடைய தோழர்களும் இந்தக் கிருமியை வேறொரு காரியத்துக்குப் பயன்படுத்தினார்கள். சிறுநீர்ப்பையின் உட்தோலில் புற்றுநோய் கண்டவர்களுக்கு, பி.சி.ஜி.யை நீரில் கலந்து சிறுநீர்ப்பைக்குள்ளேயே செலுத்தினார்கள். 1976இல் அதன் பலனை வெளியிட்டார்கள். 1990இல் அமெரிக்க அரசு இதை அங்கீகரித்தது. இன்றுவரை அந்த நிலையிலுள்ள நோய்க்கு இதைவிடச் சிறந்தது என்று சொல்லத்தக்க மருந்து எளிதில் அகப்படுவதில்லை.

இதைச் செய்யும் விதம் மிக எளியது. முதலில் மூத்திரத் துவாரம் வழியே கருவியைச் செலுத்திக் கட்டியைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். புண் ஆற இரண்டு வாரமாவது விடவேண்டும். பின்பு வாரம் ஒருமுறையாக ஆறு வாரம், மெல்லிய குழாய் மூலம் மருந்து உள்ளே விடப்படும். வியாதியஸ்தர் அதைச் சுமார் இரண்டு மணி நேரம் அடக்கிவைத்துப் பின் சிறுநீர் கழிக்க வேண்டும். உயிருள்ள கிருமி ஆனதால், அன்றைக்கு ஆறு மணி நேரம்வரை கழிப்பறையில் பிளீச்சிங் கரைசல் ஊற்றிக் கழுவ வேண்டும். கிருமி சிறுநீர்ப்பையின் சுவரைப் பற்றிக்கொள்ளும். அதைத் துரத்த வெள்ளை அணுக்கள் கூட்டமாக வரும். வந்த இடத்தில் மிச்சமிருக்கும் புற்றுநோய் அணுக்களையும் சேர்த்து அழிக்கும். நோய் திரும்பும் ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு ஒன்று முதல் மூன்று ஆண்டுவரை இடைவெளி விட்டுத் தொடர்ந்து கொடுப்பதுண்டு.

எரிச்சல், அடிக்கடி சிறுநீர், ஒருநாள் காய்ச்சல் ஆகியவை சாதாரணம். சிறுநீரில் இரத்தம் போகும்போதும், குழாய் விடும்போது காயம் பட்டாலும் அன்று மருந்து விடக்கூடாது, கிருமி இரத்தத்தில் கலந்துவிடும். கட்டி சிறுநீர்ப்பையின் தசைக்குள் இறங்கிவிட்டவர்களுக்கு இந்த முறை போதாது. எந்த மருந்துக்கும் ஒரு எல்லை உண்டு என்பதற்கு இது முதல் சாட்சி.

4. தலையைத் தடவும் கையை விலக்குதல்

டி-அணுவின்மேல் சில "பிரேக்"குகள் உண்டு. அவை இல்லாவிட்டால் காவல் நாய் கண்ணில் பட்டவரையெல்லாம் கடித்துவிடும். ஜப்பானில் கியோட்டோ நகரத்து தசுகு ஹோன்ஜோ 1992இல் பி.டி.-1 என்ற ஒன்றைக் கண்டார். அது ஒரு பிரேக் என்பது பின்னாளில் விளங்கிற்று. அமெரிக்காவில் ஜேம்ஸ் அல்லிசன் சி.டி.எல்.ஏ.-4 என்ற வேறொரு பிரேக்கை ஆராய்ந்து, அதைத் தடுத்தால் எலிகளில் கட்டி கரைவதை 1990களில் காட்டினார். பல புற்றுநோய் அணுக்கள் தம்மேல் ஒரு பொருளை வளர்த்துக்கொண்டு, டி-அணுவின் பி.டி.-1ஐத் தொட்டு அழுத்துகின்றன. நாம் முன்பு சொன்ன தலையைத் தடவும் கை இதுவே. புதிய மருந்துகள் அந்தக் கைக்கும் தலைக்கும் நடுவே போய் உட்கார்ந்துகொள்கின்றன. நாய் எழுந்துவிடுகிறது.

இபிலிமுமாப் என்ற மருந்து 2011இலும், பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் என்ற மருந்துகள் 2014இலும் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றன. 2018இல் அல்லிசனுக்கும் ஹோன்ஜோவுக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. மெலனோமா என்னும் தோல் புற்றுநோய் சரீரமெங்கும் பரவியவர்களில் பெரும்பாலோர் முன்பு ஓர் ஆண்டைத் தாண்டுவது அரிது. இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்த ஒரு பெரிய ஆய்வில் 100க்கு 52 பேர் ஐந்து ஆண்டுகள் கழித்தும் உயிரோடிருந்தார்கள்.

அமெரிக்க முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டரை உங்களில் பலர் அறிவீர்கள். 2015இல், 90 வயதில், அவருக்கு மெலனோமா ஈரலிலும் மூளையிலும் பரவியிருப்பது தெரியவந்தது. அறுவையும், கதிர்வீச்சும், பெம்ப்ரோலிசுமாப் மருந்தும் பெற்றார். அந்த டிசம்பரிலேயே, தம் சொந்த ஊர்ச் சபையில் தாம் நடத்தும் ஞாயிறு பள்ளி வகுப்பில், மூளையில் புற்றுநோய் தென்படவில்லை என்று அறிவித்தார். 2024 டிசம்பரில் தமது 100ஆம் வயதில் காலமானார். ஊசி மட்டும் அல்ல, மூன்று சிகிச்சைகள் சேர்ந்து வேலை செய்தன என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

5. வெளியே எடுத்துப் பழக்கித் திரும்ப விடுதல்

மூன்றாவது முறை சில இரத்தப் புற்றுநோய்களுக்கு உரியது. வியாதியஸ்தரின் இரத்தத்திலிருந்து டி-அணுக்களைப் பிரித்தெடுத்து, எதிரியின் மோப்பத்தைக் காட்டும் புதிய மரபணு ஒன்றை அவற்றுக்குள் வைத்து, கோடிக்கணக்காகப் பெருக்கி, அவருக்கே திரும்ப ஏற்றுகிறார்கள். கார்-டி சிகிச்சை என்பது இதன் பெயர். 2012இல் பிலடெல்பியாவில், கீமோதெரபிக்கு அடங்காத இரத்தப் புற்றுநோயால் மரணத்தின் ஓரத்தில் இருந்த 6 வயதுச் சிறுமிக்கு இது கொடுக்கப்பட்டது. கடும் காய்ச்சலில் பல நாள் நினைவின்றிக் கிடந்து பிழைத்தாள். பத்து ஆண்டுகளுக்குப் பின்னும் நோய் திரும்பவில்லை.

2017இல் அமெரிக்காவில் இது அங்கீகாரம் பெற்றபோது ஒருவருக்கான விலை 4,75,000 டாலர். மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய சிகிச்சைக்கு 2023இல் நம் நாட்டில் அனுமதி கிடைத்தது. வெளிநாட்டு விலையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு என்கிறார்கள். அதுவும் ஏழைக்கு எட்டாத தொகைதான் என்றாலும், வழி திறந்திருக்கிறது.

6. காவல் நாய் வீட்டாரைக் கடித்தால்?

முடி கொட்டாது, வாந்தி அதிகம் இராது என்பதால் இது தீங்கற்ற சிகிச்சை என்று சிலர் எண்ணுகிறார்கள். அது தவறு. பிரேக்கை எடுத்துவிட்ட காவல், சிலருக்குச் சொந்த உறுப்புகளையே தாக்குகிறது. தோலில் தடிப்பு, தீராத வயிற்றுப்போக்கு, தைராய்டு குறைவினால் சோர்வு, ஈரல் அழற்சி, நுரையீரல் அழற்சியால் வறட்டு இருமலும் மூச்சுத் திணறலும், அரிதாக இருதய பாதிப்பு ஆகியவை வரலாம். மருந்தை நிறுத்திப் பல மாதங்கள் கழித்தும் வரலாம்.

இந்த மருந்து பெற்ற ஒருவருக்கு வயிற்றுப்போக்கு கண்டால் அதைச் சாதாரண அஜீரணம் என்று கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்து வீட்டில் வைத்திருக்கக் கூடாது. எந்த மருத்துவரிடம் போனாலும், "எனக்கு இம்யூனோதெரபி ஏறியிருக்கிறது" என்று முதலில் சொல்ல வேண்டும். மருந்தின் பெயர் எழுதிய சீட்டைச் சட்டைப்பையில் வைத்திருப்பது நல்லது. காலத்தோடு வந்தால் ஸ்டீராய்டு மருந்துகளால் பெரும்பாலும் அடக்கிவிடலாம். தாமதித்தால் உயிருக்கே ஆபத்து.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. "எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்" என்று சந்தையில் விற்கும் பொடிக்கும், டானிக்குக்கும் இந்தச் சிகிச்சைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

7. யாருக்குப் பயன்?

மெலனோமா, நுரையீரல், சிறுநீரகம், சிறுநீர்ப்பை, வாய் மற்றும் தொண்டை ஆகிய இடத்துப் புற்றுநோய்களில் ஒரு பகுதியினருக்கு நல்ல பலன் உண்டு. கணையப் புற்றுநோயில் பெரும்பாலோருக்குப் பலன் இல்லை. ஒரே நோய் உள்ள இருவரில் ஒருவருக்குக் கேட்கும், மற்றவருக்குக் கேட்காது. ஆனாலும் கோலியின் காலத்தில் இல்லாத ஒன்று இன்று நம்மிடம் இருக்கிறது. கட்டியிலிருந்து எடுத்த சிறு துண்டைச் சோதித்து, பலன் கிடைக்க வாய்ப்பு உண்டா என்று பலருக்கு முன்கூட்டி அறியலாம்.

மரபணுவை நகல் எடுக்கும்போது நேரும் பிழைகளைத் திருத்த ஒவ்வொரு அணுவிலும் ஓர் ஏற்பாடு உண்டு. சிலருடைய கட்டியில் இந்த ஏற்பாடு கெட்டிருக்கும். பிழைகள் மலைபோல் குவிந்து, அணு பார்வைக்கே அந்நியமாகிவிடும். காவல் நாய்க்கு அடையாளம் காண்பது எளிது, தலையைத் தடவும் கையை விலக்கினால் போதும். செய்தித்தாளில் வந்த 12 பேரும் இப்படிப்பட்ட கட்டி உடையவர்களாகத் தெரிந்தெடுக்கப்பட்டவர்கள். டோஸ்டார்லிமாப் என்ற மருந்தை மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஆறு மாதம் பெற்றார்கள். செய்தி பொய்யல்ல. ஆனால் மலக்குடல் புற்றுநோய் கண்ட 100 பேரில் 5 முதல் 10 பேருக்கே கட்டி அந்த வகையாக இருக்கும். தலைப்பில் இந்தச் செய்தி இல்லை. அந்த ஆய்வு நடந்த நியூயார்க் மருத்துவமனை, ஒரு காலத்தில் டாக்டர் கோலி பணிபுரிந்த புற்றுநோய் மருத்துவமனையின் வழிவந்ததே என்பதும் நினைக்கத்தக்கது.

8. ஏழைக்கும் எட்டுமா?

புகையிலையால் வாய்ப்புற்று மலிந்த நம் நாட்டுக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. மும்பை டாடா நினைவு மருத்துவமனையார், குணமாக்க முடியாத நிலையிலிருந்த தலை, கழுத்துப் புற்றுநோயாளர் 151 பேரிடம் ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு சாராருக்கு விலை குறைந்த மாத்திரை மருந்துகளும், மறு சாராருக்கு அவற்றோடு நிவோலுமாப் மருந்தும் கொடுத்தார்கள். வழக்கமான அளவு இரண்டு வாரத்துக்கு 240 மில்லிகிராம். இவர்கள் கொடுத்ததோ மூன்று வாரத்துக்கு 20 மில்லிகிராம் மட்டுமே. ஓர் ஆண்டு முடிவில் முதல் சாராரில் 100க்கு 16 பேரும், இரண்டாம் சாராரில் 43 பேரும் உயிரோடிருந்தார்கள். மிகச் சிறிய அளவும் வேலை செய்கிறது என்று தெரிந்தபின் பல ஏழைகளுக்கு வாசல் சற்றே திறந்திருக்கிறது.

எல்லாவற்றிலும் மலிவானது, நோய் வருமுன் காவலைப் பழக்குவதே. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான வைரசுக்கு எதிரான தடுப்பூசி, 9 முதல் 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு ஒன்று அல்லது இரண்டு தவணை போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லுகிறது. மஞ்சள் காமாலை பி வகைக்கான தடுப்பூசி, ஈரல் புற்றுநோய்க்கும் தடுப்பாகும். பெற்றோர் இவற்றை அசட்டை செய்யலாகாது.

9. அந்தத் தாயாருக்குக் கொடுத்த பதில்

"அம்மா, நிலத்தை இன்றைக்கு விற்க வேண்டாம். முதலில் ஒரு சோதனை செய்வோம். அதற்குச் சில ஆயிரம் போதும்" என்றோம். கட்டியின் துண்டு நகரத்துப் பரிசோதனைக் கூடத்துக்குப் போயிற்று. பத்தாம் நாள் முடிவு வந்தது. பிழை திருத்தும் ஏற்பாடு அவருடைய கட்டியில் சரியாகவே இருந்தது. அதாவது, அந்த மருந்து அவருக்குப் பலன் தரும் என்று நம்ப இடமில்லை.

அதைச் சொல்லுவது எங்களுக்கு எளிதாக இல்லை. அந்தத் தாயார் செய்தித்தாள் துண்டைப் பார்த்தபடியே வெகுநேரம் பேசாமல் இருந்தார். பின்பு, "அப்போ வேற வழி இல்லியா?" என்றார். வழி இருந்தது. கட்டி வேறிடத்துக்குப் பரவியிருக்கவில்லை. கதிர்வீச்சும் மாத்திரையும், பின்பு அறுவையும் என்ற பழைய வழி. அரசின் காப்பீட்டு அட்டை செலவின் பெரும்பகுதியை ஏற்றது. அறுவை முடிந்து, வயிற்றில் பை வைத்து, அதைச் சுத்தம் செய்யப் பழகிக்கொண்டு அவர் ஊர் திரும்பினார். இன்னும் ஐந்து ஆண்டுகள் தவறாமல் சோதனைக்கு வரவேண்டும். நோய் திரும்பாது என்று நாங்கள் வாக்குக் கொடுக்கவில்லை. சென்ற முறை வந்தபோது, கிணற்றடியில் கத்தரி நட்டிருப்பதாகச் சொன்னார்.

ஆகவே, நண்பர்களே, உங்கள் சபையில் ஒருவருக்காகப் பணம் சேர்க்கும் முன் மூன்று கேள்விகளை அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள். இந்த மருந்து இவருடைய கட்டிக்குக் கேட்கும் என்று காட்டும் சோதனை செய்தாயிற்றா? குணமாக்கவா, ஆயுளைச் சற்று நீட்டவா? எத்தனை தவணை, முழுச் செலவு எவ்வளவு? பதில் சாதகமாயிருந்தால் மனம் தளராமல் உதவுங்கள். பாதகமாயிருந்தால், அந்தப் பணம் வலி நீக்கும் மருந்துக்கும், வண்டிக் கூலிக்கும், பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கட்டணத்துக்கும் ஆகட்டும். அதுவும் சிகிச்சையே.

மாதர் சங்கத்திலும் வாலிபர் கூட்டத்திலும் கலந்து பேச

1. புற்றுநோய் அணுவைச் சரீரத்தின் காவல் ஏன் கண்டுகொள்வதில்லை?
2. பி.சி.ஜி. மருந்து சிறுநீர்ப்பையில் எப்படி வேலை செய்கிறது? யாருக்கு அது போதாது?
3. இம்யூனோதெரபி பெற்ற உறவினருக்கு வயிற்றுப்போக்கோ மூச்சுத் திணறலோ வந்தால் என்ன செய்வீர்கள்?
4. "12 பேருக்கும் குணம்" என்ற செய்தியில் விடுபட்டது என்ன?
5. நமது சபையில் 9 முதல் 14 வயதுப் பெண் பிள்ளைகள் எத்தனை பேர் தடுப்பூசி போட்டிருக்கிறார்கள்?